தூங்கியவன் ரசனை கெட்டவன் அல்ல

போன சித்திரையில் எங்கள் ஊர் தருமராசா கோயில் திருவிழாவில் கர்ண மோட்சம் நடந்தது. விடியற்காலை நாலு மணி இருக்கும். கர்ணன் களத்தில் விழுந்து கிடக்கிறான். பின்பாட்டுக்காரர்களுக்குத் தொண்டை கட்டிவிட்டது, ஆனாலும் விடவில்லை. களரியைச் சுற்றி இருந்தவர்களில் பாதிப் பேர் படுத்துவிட்டார்கள். பாய், சாக்கு, பழைய பிளெக்ஸ் பேனர் என்று கிடைத்ததை விரித்துக்கொண்டு தூங்கினார்கள். பெங்களூரிலிருந்து கேமராவோடு வந்திருந்த ஒருவர் என் பக்கத்தில் நின்றிருந்தார். கலைமேல் நிஜமான பிரியம் உள்ள மனிதர். கூத்துக்காரர்களுக்குத் தன் கையிலிருந்து பணம் கொடுத்ததைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே சொன்னார்: "நம்ம ஜனங்களுக்கு ரசனையே போயிடுச்சுங்க. இப்படி ஒரு கர்ணன் ஆடறாரு, தூங்கறாங்க பாருங்க."

அவர் கை காட்டிய வரிசையில் மூன்றாவதாகச் சுருண்டு கிடந்தது என் தம்பி.

அன்று அவனுக்கு ஓசூரில் செகண்ட் ஷிப்ட். பிரஸ் ஷாப்பில் வேலை, கான்ட்ராக்ட். ராத்திரி பத்தரைக்கு வெளியே வந்து, கிருஷ்ணகிரி பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து யாரோ ஒருவருடைய வண்டியில் தொற்றிக்கொண்டு களரிக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. சாப்பிடக்கூட வீட்டுக்குப் போகவில்லை. "பொன்னுருவி வந்துட்டாளாடா?" என்றுதான் முதலில் கேட்டான். மூன்று மணி வரை உட்கார்ந்து பார்த்தான். அதன்பிறகு சாய்ந்துவிட்டான். மறுநாள் மத்தியானம் ரெண்டு மணிக்கு மறுபடியும் மெஷின் முன்னால் நிற்க வேண்டும்.

அந்தப் பெங்களூர்க்காரரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் வாய் வரவில்லை. அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது எழுதுகிறேன். அவருக்கு மட்டுமல்ல, இலக்கியக் கூட்டங்களிலும் கட்டுரைகளிலும் "ரசனை செத்த சமூகம்" என்று அலுத்துக்கொள்ளும் எல்லோருக்கும் சேர்த்துத்தான். ஒரு காலத்தில் நானும் அப்படிப் பேசியவன் என்பதையும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

ரசனை என்பதை ஆளுக்கு ஆள் கூடக் குறைய இருக்கும் ஒரு குணம்போல நாம் பேசுகிறோம். நல்ல காது, நல்ல கண், பக்குவப்பட்ட மனசு. அது இருப்பவன் எங்கே எப்போது உட்கார்ந்தாலும் ரசிப்பான், இல்லாதவன் தூங்குவான். இது சுத்தப் பொய். பதினோரு வருஷம் ஷிப்ட் பார்த்துவிட்டு இப்போது பகல் வேலைக்கு மாறியிருக்கும் நான் என் உடம்பையே சாட்சியாக வைத்துச் சொல்கிறேன். நைட் ஷிப்ட் வாரத்தில் எனக்கு ரசனை கிடையாது. எந்தப் பாட்டும் சத்தம்தான். வாரம் மாறி, நாலு நாள் ஒழுங்காகத் தூங்கி எழுந்தால் அதே பாட்டில் வயலின் எங்கே குழைகிறது என்று கேட்கிறது. ஆள் ஒருவன்தான், காதும் அதே காதுதான்.

இது நான் கண்டுபிடித்த விஷயமும் அல்ல. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் காஷ்மீரத்தில் இருந்த அபிநவகுப்தர், நாட்டிய சாஸ்திரத்துக்கு எழுதிய அபிநவபாரதி என்ற உரையில் ரசத்துக்கு ஏழு தடைகளைச் சொல்கிறார். அவற்றில் ஒன்று, பார்ப்பவன் தன் சொந்த சுகதுக்கத்தின் பிடியில் கிடப்பது. தன் கவலையில் முங்கிக் கிடப்பவன் வேறொன்றில் எப்படி மனசை நிறுத்துவான் என்று கேட்கிறார். நம் ஆட்கள் அவரை மேற்கோள் காட்டும்போது இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்: 'பார், உத்தம ரசிகன் தன் கவலையை வாசலில் கழற்றிவிட்டு வர வேண்டும்.' ஆனால் அவர் அடுத்துச் சொல்வது வேறு. அந்தத் தடையை நீக்கத்தான் வாத்தியம், பாட்டு, அலங்கரித்த மண்டபம், தேர்ந்த கணிகையர் எல்லாம் என்கிறார். அதாவது, வருகிறவன் கவலையோடுதான் வருவான். அவனை அதிலிருந்து எடுத்து வைப்பது நடத்துகிறவர்களின் பொறுப்பு. கவலையோடு வந்தவனைத் திட்டச் சொல்லி அவர் எழுதவில்லை.

நாட்டிய சாஸ்திரமே இன்னும் நடைமுறைக்கு நெருக்கமாகப் பேசுகிறது. நடுப்பகலிலும் நடு ராத்திரியிலும் சந்தி வேளையிலும் சாப்பாட்டு நேரத்திலும் நாடகம் போடாதே என்கிறது. வயிறும் உறக்கமும் ரசத்தோடு சண்டைக்கு நிற்கும் என்பது அந்த ஆட்களுக்குத் தெரிந்திருக்கிறது. இதற்கு விலக்கும் சொல்லியிருக்கிறார்கள்: எஜமான் உத்தரவிட்டால் நேரம் காலம் பார்க்காமல் நடத்தலாமாம். எஜமான் உத்தரவிட்டால் நேரம் காலம் இல்லை என்பதை எங்கள் ஓசூர்க்காரர்களுக்கு யாரும் சாஸ்திரத்திலிருந்து எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, அப்படியானால் ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடிய விடிய நடக்கும் கூத்து சாஸ்திரத்துக்கு விரோதமா? இல்லை. கூத்து வேறு வழியில் அதே பிரச்சினையைத் தீர்த்திருக்கிறது. தூக்கத்தை அது எதிரியாக நினைக்கவில்லை. தனக்குள்ளேயே இடம் கொடுத்திருக்கிறது. கதை எல்லோருக்கும் தெரிந்த கதை. நடுவில் ஒரு மணி நேரம் கண்ணயர்ந்து எழுந்தாலும் கட்டியங்காரன் வந்து, யார் வருகிறார், ஏன் வருகிறார் என்று நையாண்டியோடு திரும்பச் சொல்லிவிடுவான். பெரிய வேஷம் வரும்போது வெள்ளைத் திரையைப் பிடித்து, மத்தளமும் முகவீணையும் ஏறி, திரைக்குப் பின்னாலிருந்து சலங்கை கேட்கும். தூங்குகிற குழந்தைகளைப் பாட்டிகள் அப்போதுதான் தட்டி எழுப்புவார்கள். எழுப்புவதற்கென்றே அந்த வரவு அத்தனை நீளம் என்றுகூட எனக்குத் தோன்றும். விடிய விடிய முழித்துப் பார்ப்பவனுக்காக மட்டும் செய்த கலை இல்லை இது. களைத்தவனும் வருவான் என்று தெரிந்து கட்டியது.

இன்னொன்றும் உண்டு. கூத்தில் பார்க்க வருகிறவனின் நிலைமை ஆட்டத்துக்கு வெளியே கிடக்கும் இடைஞ்சல் அல்ல. ஆட்டமே அதன் மேல்தான் நிற்கிறது. அர்ச்சுனன் தபசு அன்று வேஷக்காரர் மரத்தின் மேலே ஏறிப் பாடுகிறார். கீழே பிள்ளையில்லாத பெண்கள் ஈரப்புடவையோடு காத்திருக்கிறார்கள். மேலேயிருந்து விழும் எலுமிச்சம்பழத்துக்கும் பூவுக்கும் மடி ஏந்துகிறார்கள். சுருதி சரியாக நிற்கிறதா என்று அவர்களைக் கேட்பீர்களா? கடைசி நாள் படுகளத்தில், தரையில் படுத்துக் கிடக்கும் அந்தப் பெரிய மண் துரியோதனனைச் சுற்றி நடக்கும் சண்டையில் பீமன் தொடையில் அடித்ததும், பாஞ்சாலி கூந்தல் முடிந்ததும், ஜனங்கள் அந்த மண்ணை அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். இந்தக் கூட்டத்துக்கு ரசனை உண்டா இல்லையா என்ற கேள்வியே அங்கே அபத்தமாக இருக்கிறது.

வட தமிழகத்தில் பல ஊர்களில் கருமாதிக்குக் கர்ண மோட்சம் வைப்பார்கள். எங்கள் அப்பாவுக்கும் வைத்தோம். அதைப் பற்றிச் சொல்லாமல் இந்த வாதத்தை முடிக்க முடியாது.

அப்பா போன அன்று சாயங்காலம் எனக்குப் போன் செய்திருக்கிறார். நான் லைனில் நின்றிருந்தேன். நாங்கள் உள்ளே போனைக் கொண்டுபோகக் கூடாது, லாக்கரில் வைத்துவிட வேண்டும். ஷிப்ட் முடிந்து எடுத்துப் பார்த்தபோது அவருடைய அழைப்பு இரண்டு, அதற்குப் பிறகு அக்காவின் அழைப்பு பதினேழு. அப்பா என்ன சொல்ல நினைத்தார் என்று இன்றுவரை தெரியாது. சாதாரணமாக, சாப்பிட்டியா என்று கேட்கத்தான் போட்டிருப்பார்.

கருமாதி ராத்திரி நடந்த கூத்து நல்ல கூத்து என்று சொல்ல மாட்டேன். கர்ணன் கட்டியவருக்குத் தொடர்ந்து நாலாவது ராத்திரி, குரல் உடைந்து கிடந்தது. மைக் அடிக்கடி ஊளையிட்டது. ஆர்மோனியத்தில் ஒரு கட்டை அழுந்தினால் எழவில்லை. எல்லாம் எனக்குத் தெரிந்தது. ஆனால் சண்டைக்குப் போகும் கர்ணன் பொன்னுருவியிடம் சொல்லிக்கொண்டு போக வந்து நிற்கிறானே, அந்த இடத்தில் எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது. அவன் விடை கேட்கிறான், அவள் முகம் கொடுக்க மறுக்கிறாள். போகிறவன் சொல்லிக்கொண்டு போக நினைக்கிறான், இருப்பவள் கேட்கவில்லை. அவ்வளவுதான். பதினாறு நாளாக வராத அழுகை அப்போது வந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பா ஒன்றும் பேசாமல் முதுகில் கை வைத்தார்.

ஒன்றரை வருஷம் கழித்து அதே ஜமாவைப் பெங்களூரில் ஒரு ஏசி அரங்கத்தில் பார்த்தேன். அதே கர்ணன். ஓய்வெடுத்துக்கொண்டு வந்த குரல், கணீரென்று இருந்தது. வெளிச்சம் பிரமாதம். கால் எப்படி விழுகிறது, கிரீடமும் புஜக்கீர்த்தியும் கட்டிக்கொண்டு அத்தனை பாரத்தோடு எப்படிச் சுழல்கிறார் என்பதையெல்லாம் அன்றுதான் தெளிவாகப் பார்த்தேன். எட்டு மணிக்குள் முடிக்க வேண்டும் என்பதால் பொன்னுருவி கட்டத்தை எடுத்துவிட்டிருந்தார்கள். முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள், நானும் தட்டினேன். வண்டியை எடுக்க வெளியே வந்தபோது மனசில் ஒன்றுமே இல்லை.

'அப்போ கலைஞனின் திறமைக்கு மதிப்பே இல்லையா? துக்கத்தில் இருந்தவன் எதைப் பார்த்தாலும் அழுதிருப்பான்' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பதினாறு நாளில் நான் எத்தனையோ பார்த்தேன். உறவுக்காரர்கள் ஆறுதல் சொன்னார்கள், யாரோ டிவியில் அப்பா பாட்டுகள் போட்டார்கள். ஒன்றும் என்னைத் தொடவில்லை. எத்தனையோ தலைமுறையாக ஆடி ஆடித் தேய்த்து, அந்த விடைபெறும் இடத்தை அத்தனை நேரம் நிறுத்தி வைக்கக் கற்றுக்கொண்ட ஒரு கலைதான் தொட்டது. திறமை வேண்டும். ஆனால் அது சாவி மாதிரி, பூட்டு பார்க்க வந்தவனிடம் இருக்கிறது. அரங்கத்தில் நான் சாவியின் வேலைப்பாட்டைப் பார்த்து வியந்தேன். அந்த வியப்பும் ரசனைதான், அதை இளக்காரம் செய்யவில்லை. அது ஒன்றுதான் ரசனை என்று சொல்லும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

இப்போது ஓசூருக்கு வருகிறேன். 1970களில் சிப்காட் வந்தது. 1980இல் இங்கிருந்து டிவிஎஸ் 50 வெளியே ஓடியது. அதே வருஷத்தில் அசோக் லேலண்ட், பிறகு டைட்டன், அவற்றைச் சுற்றி நூற்றுக்கணக்கில் சின்னப் பட்டறைகள். 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது, 2019இல் ஓசூர் மாநகராட்சி ஆனது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே டீக்கடையில் பேசும் இந்த ஊருக்குப் போச்சம்பள்ளியிலிருந்தும் ஊத்தங்கரையிலிருந்தும் பர்கூரிலிருந்தும் பையன்கள் வந்தார்கள், இப்போது பெண்பிள்ளைகளும் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறார்கள். வீட்டுக்கு ஓடு போய் மாடி வந்தது. தங்கைகள் காலேஜ் போனார்கள். இதையெல்லாம் குறை சொல்ல நான் யார்? எங்கள் வீட்டு அடுப்பும் அதில்தான் எரிந்தது.

ஆனால் ஒன்று போனது. எங்கள் பக்கம் பெரும்பாலும் மானாவாரிக் காடு. அறுப்பு முடிந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கும் மாதங்களில்தான் பாரதத் திருவிழாக்கள் வரும். பகலில் பாரதம் வாசிப்பார்கள், ராத்திரி கூத்து, சில ஊரில் பத்து நாள், சில ஊரில் பதினெட்டு. விடிய விடியப் பார்த்துவிட்டு மறுநாள் புளியமரத்தடியில் தூங்கலாம். அந்தப் பகல் தூக்கமும் கூத்தின் ஒரு பகுதிதான். ராத்திரி பார்த்ததைச் சாயங்காலம் வரை மென்றுகொண்டிருப்பார்கள். ஷிப்ட் பிடுங்கியது அந்த மறுநாளைத்தான். ராத்திரியை இன்னும் எப்படியோ திருடிக்கொள்கிறோம், மறுநாளைத் திருட முடியவில்லை.

கணக்கையும் பாருங்கள். 1958ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டம் தொழிற்சாலைகளுக்குத் தேசிய விடுமுறை நாலும் பண்டிகை விடுமுறை ஐந்தும் கொடுத்தது. பொங்கலும் தீபாவளியும் ஆயுத பூஜையும் போனால் மிச்சம் என்ன? மாவட்டத்தில் பெரிய திருவிழா என்றால் கலெக்டர் உள்ளூர் விடுமுறை விடுகிறார், ஆபீசுக்கும் பள்ளிக்கூடத்துக்கும். லைன் ஓடிக்கொண்டேதான் இருக்கும். பதினெட்டு ராத்திரி பாரதத்தில் ஒரு படுகளத்துக்கு லீவு கேட்டால் அட்டெண்டன்ஸ் போனஸ் போகும். கான்ட்ராக்ட் ஆள் என்றால் வேலையே போகலாம்.

2007 ஜனவரியில் வாஷிங்டனில் ஒரு சோதனை செய்தார்கள். உலகப் புகழ் பெற்ற வயலின் கலைஞர் ஜோஷுவா பெல், வேலைக்குப் போகிற காலை நேரத்தில் ஒரு மெட்ரோ நிலையத்தில் தொப்பி போட்டுக்கொண்டு 43 நிமிடம் வாசித்தார். கையில் 1713இல் ஸ்ட்ராடிவாரி செய்த வயலின். 1,097 பேர் கடந்துபோனார்கள். ஒரு நிமிடமாவது நின்று கேட்டவர்கள் ஏழே பேர். இந்தக் கதையை நம் மேடைகளிலும் அடிக்கடி சொல்கிறார்கள், 'பாருங்கள், மனித குலத்தின் ரசனை!' என்று. எனக்கு அதில் கேட்பது வேறு. நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டிய ஆயிரம் பேர் அங்கே ஓடுகிறார்கள். கம்பெனி பஸ் புறப்படும்போது ஓடியவனுக்கு இது புரியும். அந்தக் காலையில் நின்று கேட்க விரும்பியவர்களில் குழந்தைகள் முக்கியமானவர்கள் என்றும், பெற்றோர் அவர்களை இழுத்துக்கொண்டு போனார்கள் என்றும் அந்தச் சோதனையை எழுதியவரே பதிவு செய்திருக்கிறார். குழந்தைக்கு ஷிப்ட் கிடையாது.

இன்னும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மார்கழியில் சென்னை சபாக்களில் மத்தியானக் கச்சேரிக்குப் போய்ப் பாருங்கள். கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு வந்த பெரியவர்கள் ஏசியில் அழகாகத் தூங்குவார்கள். தனி ஆவர்த்தனம் ஆரம்பித்தால் ஒரு கூட்டம் காபிக்கு எழுந்து போகும். யாராவது கேமராவோடு நின்று 'ரசனை செத்துப்போச்சு' என்றார்களா? இல்லை. அதைச் செல்லமாக ஜோக் அடிப்போம். அவர் ரசிகர், கொஞ்சம் கண்ணசந்துவிட்டார். பிரஸ் ஷாப்பில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தவன் மண் தரையில் தூங்கினால் மட்டும் அவன் ஒரு சமூகத்தின் சீரழிவுக்கு அடையாளம் ஆகிவிடுகிறான். ஒரே தூக்கத்துக்கு இரண்டு பெயர்.

'கூத்தைச் சுருக்கினால் என்ன, ரெண்டு மணி நேரத்தில் முடித்தால் எல்லோரும் பார்ப்பார்களே' என்கிறார்கள். சில ஜமாக்கள் அதையும் செய்கின்றன, பிழைக்க வேண்டுமே. சுருக்கும்போது முதலில் எது போகும் தெரியுமா? பொன்னுருவிதான் போவாள். சண்டை இருக்கும், சலங்கை இருக்கும், விடைபெறுவது இருக்காது. 'கலையை மக்களிடம் கொண்டுபோவோம்' என்பது இன்னொரு யோசனை. 2015இல் சென்னையில் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் கர்நாடக இசையைக் கடற்கரைக்குக் கொண்டுபோனார்கள். நல்ல காரியம், இடம் ஒரு வேலி என்பதை அது காட்டியது. ஆனால் எங்கள் கூத்து ஏற்கனவே மக்களிடம்தான் இருக்கிறது, எங்கள் தெருவில். எங்களுக்கு வேலி இடமல்ல, நேரம். அந்த வேலியைப் பற்றி எந்தக் கலை அமைப்பும் பேசுவதில்லை. ஏனென்றால் அதைப் பேசினால் முதலாளியிடம் பேச வேண்டிவரும்.

2023 ஏப்ரல் 21ஆம் தேதி, சித்திரை மாதத்தில், ஊர் ஊராகப் பாரதம் ஓடிக்கொண்டிருந்த சமயத்தில், பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி விடும் மசோதாவைத் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றியது. எதிர்ப்பு கிளம்பியது, மூன்று நாளில் நிறுத்தி வைத்தார்கள், மே தினத்தன்று திரும்பப் பெற்றதாக முதலமைச்சர் அறிவித்தார். சங்கங்கள் போராடின, உடம்பைப் பற்றி, கூலியைப் பற்றிப் பேசின. சரிதான். ஆனால் ரசனையைப் பற்றி வருஷம் முழுக்க எழுதுகிறவர்கள் அந்தப் பத்து நாளில், 'ஐயோ, ஒரு மாவட்டமே இனிமேல் கூத்துப் பார்க்க முடியாமல் போகுமே' என்று பதறி எழுதியதாக என் கண்ணில் படவில்லை. வேலை நேரம் தொழிற்சங்கத்தின் விஷயம், ரசனை நம் விஷயம் என்று பிரித்து வைத்திருக்கிறோம். இரண்டும் ஒரே விஷயம். ஒரு சமூகம் எதை எப்படி ரசிக்கும் என்பதில் பாதியை ஷிப்ட் சார்ட் எழுதுகிறவர் முடிவு செய்துவிடுகிறார்.

அதனால் நான் கேட்பது சின்ன விஷயம். பட்டறைகளும் கம்பெனிகளும் தங்கள் ஆட்களின் சொந்த ஊர்த் திருவிழாவுக்கு வருஷத்தில் இரண்டு நாள், போனஸ் வெட்டாமல், கான்ட்ராக்ட் ஆளுக்கும் சேர்த்து விட வேண்டும். ஒரு நாள் கூத்துக்கு, ஒரு நாள் தூக்கத்துக்கு. கூத்துக்கு மானியம் கேட்டு மனுப் போடுகிறவர்கள் இதையும் அதே மனுவில் சேர்க்க வேண்டும். பார்க்கிறவனுக்கு நேரமில்லாமல் ஆடுகிறவனுக்கு மட்டும் பணம் கொடுத்து ஒரு கலையைக் காப்பாற்ற முடியாது.

அன்று விடிந்தபிறகு தம்பியை எழுப்பினேன். எழுந்து உட்கார்ந்து, கண்ணைத் தேய்த்துக்கொண்டு, "குந்தி வந்து மடியில போட்டுக்கினு அழுதாளா?" என்று கேட்டான். ஆமாம்டா என்றேன். "எப்படி அழுதாரு?" என்றான். பெண் வேஷக்காரர் அன்று எப்படி அழுதார் என்பதைச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டே டீக்கடை வரை நடந்து வந்தான். இடையில் நிறுத்தி, போன வருஷம் வேறொருவர் கட்டிய குந்தி இதைவிட நன்றாக இருந்ததாகவும், அவர் அழுகையை அடக்கிக்கொண்டு பாடியதால்தான் அது நின்றதாகவும் விளக்கினான். பதினோரு மணிக்குள் கிளம்ப வேண்டும் என்று மணி பார்த்துக்கொண்டேதான் சொன்னான்.

கேமராக்காரர் அதற்குள் போய்விட்டிருந்தார்.